நெஞ்சுத் துண்டு

புதன்கிழமை. அரை நாள் விடுப்பு.
அம்மாபேட்டை முழுக்க கரண்ட் இல்லை.
தெருவில் தறிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டதில்
நான் வெள்ளரிக்காய் நறுக்கும் சத்தம்
எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

மாவுப் பாத்திரத்துக்குப் பின்னாலிருந்து
சம்படத்தை எடுக்கிறேன்.
இந்த வீட்டில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால்
வேறு யாரும் கை விடுவதில்லை.
உள்ளே கால் கிலோ நெஞ்சுக்கறி.
நேற்று ராத்திரி உப்பும் நாலு மிளகும் போட்டு
டிவி சத்தத்தில் வேகவைத்தது.
"லெக் ரெண்டு சேர்த்துப் போடட்டுமாக்கா?"
என்றான் பிராய்லர் கடைப் பையன்.
வேண்டாம் என்றதும் ஒரு மாதிரி பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வேறு.
கால் இரண்டும் பிள்ளைகளுக்கு.
ஈரல் மாமனாருக்கு, மெல்ல வேண்டியதில்லை.
கழுத்தும் முதுகும் தனபாலுக்கு;
எலும்பைக் கடித்தால்தான் அவருக்குக் கறி.
சக்கை, நார், பஞ்சு என்று
ஆளுக்கொரு பெயர் சொல்லி ஒதுக்கிய வெள்ளைத் துண்டு
சட்டியோடு எனக்கு.

"பாவம் மலர்க்கொடி,
தனக்கென்று ஒரு வாய் நல்லது எடுத்துவைக்கத் தெரியாது"
என்று நாத்தனார்
ஆத்தூர்க் கல்யாணத்தில் பந்தி முழுக்கச் சொன்னாள்.
நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வருஷம்.
மறுத்ததே இல்லை.

எனக்கு அந்தத் துண்டுதான் பிடிக்கும்.

விரலால் பிய்க்கிறேன்.
கத்தி வேண்டாம், போகிற திசையில் இழுத்தால்
நூல் நூலாகக் கொடுக்கும்.
ரிஜிஸ்டர் ஆபீசில் வில்லங்கம் தேடும் அதே விரல்கள்.
இங்கே ஒரு வில்லங்கமும் இல்லை.
காலையில் துணியில் கட்டி
குழாயில் தொங்கவிட்ட தயிர்
இப்போது வெண்ணெய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.
சின்ன வெங்காயம் ஐந்து. மல்லித்தழை.
கிளிமூக்கு மாங்காயில் அரைக் கன்னம், பொடிசாக.
ஏற்காட்டு மிளகைக் கரண்டியின் முதுகால் நசுக்கி
எல்லாவற்றையும் ஒரே பிசை.
அடுப்பு பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

ரொட்டி இருக்கும் என்று நம்பியிருந்தேன்.
இருந்தது, பச்சை பூத்து.

செட்டுக்கடை வண்டி நாலு மணிக்குமேல்தான் வரும்.
ஆனால் தட்டை, டப்பாவில் இருக்கிறது.
கீழே ஒன்று, நடுவில் ஒரு ஸ்பூன் கோழி,
மேலே ஒன்று.
பீட்ரூட்டும் காரட்டும் உட்கார்கிற இடத்தில்
கோழி உட்கார்ந்தால் சேலம் கோபித்துக்கொள்ளாது.
ஒரு கடி.
அந்த நொறுங்கல்
மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

கேட்டிருக்கிறது.
செருப்பைக் கழற்றாமல் நிற்கிறாள் யாழ்மொழி,
"காலேஜ்லயும் கரண்ட் இல்லம்மா. என்னது?"
ஒன்று எடுத்தாள்.
நின்றபடியே நாலு.
"இது என்ன கறி?"
"நெஞ்சு."
"சும்மா சொல்லாத."

பிறகு சம்படத்தைப் பார்த்தாள்.
மாவுப் பாத்திரம் தள்ளியிருந்ததைப் பார்த்தாள்.
கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று
எங்கள் சார் பதிவாளர் பார்ப்பாரே,
அப்படி என்னைப் பார்த்தாள்.
"அப்போ இத்தனை வருஷமா நீ..."

கரண்ட் வந்தது.
தெரு முழுக்கத் தறி.
அவள் என்னவோ சொல்கிறாள், சிரிக்கிறாள்,
கேட்கவில்லை என்று காதைக் காட்டினேன்.
தயிர் ஒட்டிய விரலால்
சுவரில் தொங்கும் காலண்டரில் ஞாயிறைத் தொட்டு
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள்.

போச்சு.
இந்த ஞாயிறு என் தட்டில்
ஒரு கால் விழப்போகிறது.
எல்லோரும் சந்தோஷமாகப் பார்ப்பார்கள், தனபால் முதற்கொண்டு.
அவ்வளவு பெரிய எலும்பை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்வேன்?